சுமைதாங்கியடி

உடுவிலில் இருந்து சண்டிலிப்பாய்க்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால் அப்பு கட்டைக் கணக்குச் சொல்லமாட்டார். கண்ணை மூடிக் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு சுமைதாங்கி, ரெண்டு கேணி, ஒரு மடம், ஒரு ஆவுரஞ்சிக்கல்" என்பார். அவ்வளவுதான் தூரம்.

எங்கள் பக்கத்தில் மைலுக்குக் கட்டை என்று பேர். வெள்ளைக்காரன் வீதியோரம் நட்டுவிட்டுப் போன மைற்கற்கள் பஸ்காரனுக்கும் கார்க்காரனுக்கும் உதவும், நடக்கிறவனுக்கு அதால் ஒரு பிரயோசனமும் இல்லை என்பது அப்புவின் கட்சி. "அதில சாயவும் ஏலாது, தண்ணி குடிக்கவும் ஏலாது. பேந்தென்னத்துக்கு?"

அப்பு என்றால் அம்மாவின் தகப்பன். மெலிந்த மனிசன். நாலு முழ வேட்டி, தோளில் ஒரு சால்வை, காதில் செருகிய பாதிச் சுருட்டு. தொழிலும் சுருட்டுத்தான். ஆனால் அவர் சுருட்டினவர் அல்ல, வாசித்தவர். அந்தக் காலத்துச் சுருட்டுக் கொட்டில்களில் ஆட்கள் வரிசையாகச் சம்மணம் கட்டி இருந்து புகையிலையை நரம்பு நீக்கிச் சுருட்டிக்கொண்டிருக்க, ஒருவர் இருந்து பேப்பர் வாசிப்பார். கைக்கு வேலை, காதுக்குப் பேப்பர். சுன்னாகத்தில் நா. பொன்னையா 1930 இல் தொடங்கி 1958 வரை வந்த ஈழகேசரியை அப்பு கொட்டிலில் இருந்து தலைப்பு முதல் விளம்பரம் வரை உரத்து வாசித்து முடித்தவர். சரித்திரக் கட்டுரை வந்தால் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லுவார்களாம். அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவேயில்லை. எதைச் சொன்னாலும் வாசிக்கிற மாதிரித்தான் சொல்லுவார். கால்புள்ளிக்கு ஒரு நிறுத்தம், முற்றுப்புள்ளிக்கு வேலியோரம் ஒரு துப்பல்.

அவருடைய தமக்கை, நாங்கள் பெரியாச்சி என்று கூப்பிடுகிறவ, சண்டிலிப்பாயில் இருந்தா. மாதம் ஒருக்கால் அவவைப் பார்க்கப் போகவேண்டும். போயா லீவு என்பதால் பறுவ நாளில் பள்ளிக்கூடம் இல்லை. 1977 இல் எனக்குப் பத்து வயது. அதற்கு முந்தின வருசத்தில் இருந்தே அப்பு என்னையும் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கியிருந்தார். மருதனார்மடத்துக்குப் போனால் பஸ் எடுக்கலாம். எடுக்கமாட்டார். "பஸ்சில போனா நீ பெரியாச்சி வீட்டைத்தான் பாப்பாய். நடந்து போனா ஊரைப் பாப்பாய்" என்பார். உண்மைக் காரணம் பஸ்காசு என்று ஆச்சி குசினிக்குள் இருந்து சொல்லுவா.

விடியப்புறம் வெளிக்கிடுவோம். ஆச்சி ஒரு உமலுக்குள் பெரியாச்சிக்கு முருங்கைக்காயும் ஒடியல் மாவும் வைப்பா. எனக்கு ஒரு பேணிக்குள் புழுக்கொடியலும் தேங்காய்ச் சொட்டும். குட்டானோடு பனங்கட்டி ஒன்று அப்புவின் மடியில். உமல் என்னுடைய பொறுப்பு. அது பாரம் இல்லை. ஆனால் முருங்கைக்காய் உமலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு, நடக்க நடக்க முழங்காலில் தட்டிக்கொண்டே வரும்.

எங்கள் ஒழுங்கையில் நடக்கும்போது இரண்டு பக்கமும் வேலிதான் தெரியும். கிளுவையும் பூவரசும் கதியாலாக நட்டு, இடையில் கிடுகு கட்டி, ஆள் உயரத்துக்கு மேலே போகும். வேலிக்கு அந்தப் பக்கத்தில் யாரோ முற்றம் கூட்டுகிற சத்தம் கேட்கும், ஆளைத் தெரியாது. மணத்தை வைத்தே யார் வீட்டில் பிட்டு, யார் வீட்டில் அப்பம் என்று அப்பு சொல்லுவார். ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு பழைய நாற்சார் வீட்டுக்குச் சங்கடப்படலை இருந்தது. படலைக்கு மேலே ஓலையால் வேய்ந்த சின்னக் கூரை, உள்ளே இரு பக்கமும் மண்திண்ணை. வழியால் போகிறவர்கள் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கட்டும் என்று வீட்டுக்காரர் தன்னுடைய படலைக்கே கூரை போட்டு வைத்திருக்கிறார். ஆரையும் கேட்கத் தேவையில்லை. ஒரு மூலையில் மண்பானை, அதன் வாயில் சிரட்டை. "சங்கடம் வந்தவன் ஒதுங்கிற படலை" என்பது அப்புவின் விளக்கம். அது சரியோ பிழையோ, அந்தச் சொல்லை நான் வேறு எப்படியும் விளங்கிக்கொள்ள விரும்பவில்லை.

ஒழுங்கை ஏறினால் மிஷன் மதில். உடுவில் மகளிர் கல்லூரி 1824 இல் அமெரிக்க மிஷன்காரர் தொடங்கியது. பெட்டைகளை விடுதியில் வைத்துப் படிப்பிக்கிறது என்றால் அந்தக் காலத்தில் சின்ன விசயமா? அதை நடத்திய ஹரியட் வின்சுலோ 1833 இல் இங்கேயே செத்துப்போனா. அவவின் புருசன் மைரன் வின்சுலோவின் பேரில்தான் 1862 இல் அந்தப் பெரிய தமிழ் அகராதி வந்தது. அப்பு சைவப்பழம். மிஷன் மதிலைக் கடக்கும்போது திருநீற்றைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுவார். ஆனால், "எங்கட சொல்லையெல்லாம் பொறுக்கி அடுக்கினவன் வேதக்காரன்தான், அதை மறைக்கேலாது" என்பதையும் ஒவ்வொரு மாதமும் தவறாமல் சொல்லுவார். ஒவ்வொரு மாதமும் அதே இடத்தில், அதே சொற்களில்.

அங்கிருந்து மேற்கே திரும்பிக் கொஞ்சத் தூரத்தில் சுமைதாங்கி. அந்த இடத்துக்கே சுமைதாங்கியடி என்று பேர். வெள்ளைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய தடித்த சின்னச் சுவர். வளர்ந்த ஆளின் நெஞ்சளவு உயரம். மேற்பக்கம் மட்டமாக இருக்கும். தலையில் கடகத்தோடு வருகிற ஒருத்தி யாருடைய உதவியும் இல்லாமல் அப்படியே அதில் சுமையைச் சாய்த்து இறக்கலாம். இளைப்பாறிய பிறகு அதிகம் குனியாமல் தலையை அடியில் கொடுத்துத் திரும்ப ஏற்றிக்கொண்டு போகலாம். கீழே இறக்கினால் தூக்கிவிட ஆள் தேடவேண்டும். சுமைதாங்கி அந்த ஆளின் வேலையைச் செய்கிறது. ஒரு பக்கத்தில் பதிவாக ஒரு படி கட்டியிருந்தார்கள். அது சின்ன ஆட்களுக்கு. என்னுடைய உமல் அந்தப் படியில்தான் இருக்கும்.

மேல் விளிம்பு மழமழவென்று இருந்தது. சாந்து தேய்ந்து, உள்ளே இருந்த கல்லும் தேய்ந்து, நடுவில் கொஞ்சம் குழிந்து போயிருந்தது. விடியற்காலை கைவைத்தால் குளிரும். சுன்னாகச் சந்தைக்கு மரக்கறி கொண்டு போகிற பெண்கள் அதில் கடகத்தை வைத்துவிட்டுச் சும்மாட்டை அவிழ்த்து முகம் துடைப்பார்கள். எத்தனையாயிரம் கடகம் உரஞ்சினால் கல்லில் குழி விழும் என்று நான் கேட்டேன். "உன்ர பேரப்பிள்ளையளும் வைச்சுப் போட்டுச் சொல்லட்டும்" என்றார் அப்பு.

அதைக் கட்டின கதையை அவர் அந்த வயதில் எனக்கு நேராகச் சொல்லவில்லை. "ஒரு பொம்பிளையின்ர நினைவாக் கட்டினது" என்று மட்டும் சொல்லுவார். என்ன நினைவு, ஆர் அந்தப் பொம்பிளை என்று கேட்டால் நடையைக் கெதிப்படுத்திவிடுவார். அவரை இப்படி அவசரப்படுத்துகிற விசயம் உலகத்தில் வேறு ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு செம்பாட்டுத் தோட்டங்கள். வெங்காயம், மிளகாய், புகையிலை. இறைப்பு மிசின்கள் டக்கு டக்கென்று சத்தம் போடத் தொடங்கியிருக்கும். துலா கிட்டத்தட்ட ஒழிந்துபோன காலம் அது. ஒரே ஒரு தோட்டத்தில் மட்டும் ஒரு கிழவரும் அவருடைய மகனும் இன்னும் துலாவில் இறைத்துக்கொண்டிருந்தார்கள். மகன் துலாவுக்கு மேலே முன்னும் பின்னும் நடப்பான், தகப்பன் கீழே பட்டையைப் பிடித்துத் தண்ணீரைக் கவிழ்ப்பார். மேலே நடக்கிறவன் விழமாட்டானா என்று நான் ஒவ்வொரு தரமும் நின்று பார்ப்பேன். யாழ்ப்பாணத்து மண்ணுக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். பெய்கிற மழை ஓடாது, உள்ளே இறங்கிவிடும். அதனால்தான் எங்களுக்கு ஆறு இல்லை, கிணறு உண்டு. இதையும் அப்பு நின்று சொல்லமாட்டார், நடந்துகொண்டே வாசிப்பார்.

கந்தரோடைக்குள் போனதும் பனைகள் கூடும், வெயில் குறையும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இல்லாத ஒரு இடம் அங்கே ஒரு வளவுக்குள் கிடந்தது. முதல் தரம் பார்த்தபோது, யாரோ ஒரு இராட்சத ஆச்சி பிட்டு அவித்து நீத்துப்பெட்டியை வரிசையாகக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறா என்றுதான் நினைத்தேன். முருகைக்கல்லைச் செதுக்கி வட்டமாக அடுக்கிய குட்டைக் குட்டைத் தூபிகள். சில என்னுடைய உயரம்கூட இல்லை. சில எங்கள் அறையைவிட அகலம். ஒன்றோடொன்று முட்டாத குறையாக, நெருக்கி நெருக்கி. அவற்றின் உச்சிக்கற்கள் கழன்று பக்கத்தில் புல்லுக்குள் கிடந்தன. கல்லுக்குள் கடற்சிப்பியின் அச்சுத் தெரியும். விரலை விட்டால் விரல் நுனி சரியாகப் பொருந்தும்.

"அறுபது பிக்குமார் நஞ்சுக் காளான் திண்டு ஒரே நாளில செத்தவை, அவைக்குக் கட்டின சமாதி" என்று ஊரில் கதை. அதைச் சொன்ன கையோடே அப்பு, "காளான் கதையை நம்பாதை" என்றும் சொல்லுவார். அவருக்குப் பிடித்தது யாழ்ப்பாண வைபவமாலைக் கதை. இந்த ஊர்தான் கதிரமலை என்ற பழைய இராசதானி என்று முதலியார் இராசநாயகம் 1926 இல் புத்தகம் எழுதினார். அந்தக் கதிரமலையில் இருந்த உக்கிரசிங்கன், குதிரை முகம் நீங்குவதற்காகக் கீரிமலையில் தீர்த்தமாட வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியைத் தூக்கிக்கொண்டு வந்தானாம். "அவவைக் கேட்டவனோ?" என்றேன். அப்பு நின்றார். "ஈழகேசரியில அதைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை" என்றார்.

1917 இல் போல் பீரிஸ் என்ற சிவில் சேவை உத்தியோகத்தர் இங்கே கிண்டத் தொடங்கினார். சரித்திரம் எழுதுகிற மனிசர். உரோம நாணயங்களும், இலட்சுமி உருவம் போட்ட செப்பு நாணயத் தகடுகளும் இந்த மண்ணுக்குள்ளிருந்து வந்தன. 1970 இல் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் வந்து குழி வெட்டினார்கள். இதை அப்பு கண்ணால் பார்த்தவர். "வெட்டின மண்ணை அரிதட்டில போட்டு அரிச்சவை. ஆச்சி மா அரிக்கிற மாதிரி. அரிச்சுப்போட்டு மாவை எறிஞ்சு போட்டுக் கப்பியைப் பத்திரப்படுத்தினவை!" இதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு அடங்காது.

எனக்கும் ஒரு கப்பி கிடைத்தது. மாரி பெய்து ஓய்ந்த ஒரு தை மாதம், வரம்போரத்தில் மண் கரைந்த இடத்தில் பானை ஓடு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. உள்பக்கம் கரிக்கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. ஒரே ஓட்டில் இரண்டு நிறம். வாயின் விளிம்புத் துண்டு. யாரோ உதடு வைத்துக் குடித்த இடமாக இருக்கலாம், அல்லது அகப்பை தட்டிய இடம். எடுத்துக் காட்டினேன். கறுப்புச் சிவப்பு மட்பாண்டம் என்று ஆராய்ச்சிக்காரர் சொல்லுவது இதைத்தான், கிறிஸ்து பிறக்க முன்னமே இருந்த சனத்தின் பானை என்று பல வருசத்துக்குப் பிறகுதான் படித்தேன். அப்பு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சால்வைத் தலைப்பில் துடைத்து, "அடிப்பிடிச்ச பானை" என்று திருப்பித் தந்தார். கொம்பாஸ் பெட்டிக்குள் பென்சிலோடு வைத்திருந்தேன். எடுத்தது பிழை என்று இப்போது தெரியும். பத்து வயதில் தெரியாது.

"அப்ப எங்கட ஆக்கள் சைவம் இல்லையோ அப்பு?" என்று ஒருநாள் கேட்டேன். 1977 ஆவணிக் கலவரத்தில் அடிபட்டுத் தெற்கில் இருந்து கப்பலில் வந்திறங்கிய சனத்தின் கதை எல்லா வீட்டுத் திண்ணையிலும் நடந்துகொண்டிருந்த நேரம். புத்தர் என்ற சொல்லே வீட்டில் மெல்லத்தான் வரும். அப்பு தூபிகளுக்கு நடுவில் ஒரு கல்லில் குந்தினார். மணிமேகலை தமிழில்தானே இருக்கு, நாகபட்டினத்தில் சோழ இராசா காலத்திலேயே விகாரை இருந்ததே, காஞ்சிபுரத்தில் இல்லாத பிக்குவா என்று ஒவ்வொன்றாக வாசித்தார். பிறகு, "எங்கட ஆக்கள்தான் அண்டைக்கு அவரைக் கும்பிட்டிருக்கினம். பேந்து விட்டிட்டினம். பாட்டன் குடியிருந்த வீட்டை இடிஞ்சு போச்செண்டு எங்கட இல்லையெண்டு சொல்லுறதே?" என்றார். அன்றைக்கும் போயாதான். அந்தத் தூபிகளுக்கு ஒரு பூவைத்தானும் வைக்க யாரும் வரவில்லை. ஒரு மறியாடு மட்டும் பெரிய தூபியின் மேல் ஏறி நின்று அசைபோட்டது.

வளவைத் தாண்டினால் குளம், குளத்தைத் தாண்டினால் வயல்வெளி. வெளிக்கு நடுவில் வழுக்கையாறு. ஆறு என்று பேரே ஒழிய மாரியில் மட்டும்தான் தண்ணீர். தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கிக் குளம் குளமாக நிரப்பிக்கொண்டு வந்து, கந்தரோடை, சண்டிலிப்பாய் என்று கடந்து, அராலியில் கடல்நீரேரிக்குள் விழுகிறது. கோடையில் அதன் படுக்கையில் மாடு மேயும். "தலையில மயிரில்லாட்டி வழுக்கை. ஆத்தில தண்ணி இல்லாட்டியும் வழுக்கை" என்று அப்பு தன் தலையைத் தடவிக் காட்டுவார். ஒரு கார்த்திகையில் அந்தப் பகிடியைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே நான் வரம்பில் வழுக்கி, உமலோடு சேற்றுக்குள் இருந்தேன். ஒடியல் மா முழுக்கத் தண்ணீர். அப்பு உமலைத் தூக்கி மணந்து பார்த்துவிட்டு, "கூழ் அரைவாசி முடிஞ்சுது. இனி மீனைப் போட்டா சரி" என்றார்.

வெளி முடிகிற இடத்தில்தான் மடமும் கேணியும் ஆவுரஞ்சிக்கல்லும் ஒரே இடத்தில் கூடி இருந்தன. மடம் என்றால் பெரிய கட்டடம் இல்லை. நாலு தூண், ஓட்டுக் கூரை, குளிர்ந்த சீமெந்து நிலம். கேணிக்குப் படிகட்டு ஒரு பக்கம். மறுபக்கம் மாடு இறங்குவதற்குச் சரிவு. சரிவுக்கு மேலே கல்தூண் ஒன்று நட்டிருக்கும். தண்ணீர் குடித்து ஏறுகிற மாடு அதில் போய் முதுகையும் கழுத்தையும் உரஞ்சும். மாட்டுக்குக் கையில்லை என்று யோசித்து அதற்கும் ஒரு கல் நட்ட மனிசன் யாரோ தெரியாது. எந்த இராசாவும் இல்லை, அதுமட்டும் நிச்சயம். நல்லூரில் சங்கிலியன் தோப்பு வளைவையும் மந்திரிமனையையும் பள்ளிக்கூடத்தால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். யாழ்ப்பாணக் கோட்டையையும் பார்த்தேன். போர்த்துக்கீசன் கட்டினது, ஒல்லாந்தன் பெருப்பித்தது, ஐந்து மூலை. ஒன்றும் மனதில் ஒட்டவில்லை. அந்த ஆவுரஞ்சிக்கல்லில் மாட்டு மயிர் ஒட்டியிருந்த இடம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

மடத்தில் இருந்து புழுக்கொடியல் தின்போம். கடிக்க ஏலாத கட்டைப் புழுக்கொடியலைக் கன்னத்துக்குள் அடக்கிவைத்துக்கொண்டு, தேங்காய்ச் சொட்டோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கவேண்டும். கரைகிற வரைக்கும் கதைக்க முடியாது. அப்பு கதைக்காமல் இருந்த நேரம் அது ஒன்றுதான்.

வருசத்துக்கு ஒருக்கால் நடை வட்டுக்கோட்டை வரைக்கும் நீளும். ஒல்லாந்தர் காலத்துத் தேவாலயமும், 1823 இல் தொடங்கிய செமினரி இருந்த வளவும் அங்கே. கலித்தொகையை ஏட்டில் இருந்து அச்சுக்குக் கொண்டுவந்த சி.வை. தாமோதரம்பிள்ளை படித்த இடம் என்று அப்பு மதிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவார். என்னுடைய கால் அதற்குள் கொப்பளித்திருக்கும். அதனால் வட்டுக்கோட்டை பற்றி எனக்கு அதிகம் சொல்ல இல்லை.

1979 சித்திரையில் நான் சாமத்தியப்பட்டேன். தண்ணி வார்வை வரைக்கும் அறைக்குள். அதற்குப் பிறகு ஒழுங்கையால் நடந்து திரிகிறது என்ற பேச்சே இல்லை. ஆரும் ஏசவில்லை, மறிக்கவில்லை. அடுத்த பறுவத்துக்கு ஆச்சி உமலுக்குப் பதிலாகச் சின்னப் பொட்டணம் ஒன்று கட்டினா, அப்பு அதை எடுத்துக்கொண்டு தனியப் போனார். அவ்வளவுதான் நடந்தது. யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். படலையைச் சாத்தும்போது ஒருக்கால் திரும்பிப் பார்த்தார்.

பின்னேரம் வந்தவர் கால்கூடக் கழுவவில்லை. என்னுடைய அறை யன்னலுக்கு வெளியே, திண்ணையில் சால்வையை விரித்து இருந்தார். தொண்டையைச் செருமினார். பிறகு கொட்டிலில் பேப்பர் வாசிக்கிற அதே குரலில் தொடங்கினார். "சங்கடப்படலை. பானையில் தண்ணி பாதி. சிரட்டை புதுசு." ஒரு நிறுத்தம். "சுமைதாங்கியடி. ஒரு கிழவி, கத்தரிக்காய்க் கடகம். மகள்காரிக்குக் கலியாணம் பேசுகினமாம்." முற்றத்தில் ஒரு துப்பல். "கந்தரோடை. ஆடு ரெண்டு குட்டி. ஒண்டு கறுப்பு." வழுக்கையாறு, மடம், கேணி என்று சண்டிலிப்பாய் வரைக்கும் ஒன்றும் விடாமல் வாசித்து முடித்தார். நான் யன்னலுக்கு உள்ளே இருந்து அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழவில்லை. குட்டியில் மற்றது என்ன நிறம் என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டரை வருசம், மாதம் தவறாமல் அந்த வாசிப்பு நடந்தது. 1980 கடைசியில் ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் கிண்டியபோது ஒரு எலும்புக்கூட்டின் பக்கத்தில் முத்திரை ஒன்று அகப்பட்டது. மேல் வரியில் குறிகள், கீழ்வரியில் மூன்று பிராமி எழுத்து. பேராசிரியர் இந்திரபாலாவின் பேரும் இரகுபதியின் பேரும் பேப்பரில் வந்தன. அப்பு அந்தச் செய்தியை எனக்கு மூன்று தரம் வாசித்தார். இன்னொரு நாள், நான் கேட்காமலே, சுமைதாங்கியின் கதையையும் சொன்னார். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்காகக் கட்டுகிறது. சுமந்ததை இறக்க முடியாமல் போய்விட்டாள், வழியில் போகிறவளாவது இறக்கட்டும் என்று கட்டுகிறது. "இனிச் சொன்னா உனக்கு விளங்கும்" என்றார். என்னுடைய பக்கம் பார்க்காமல், முற்றத்தைப் பார்த்து.

1982 மாசியில் அப்பு போய்விட்டார். எண்பதுகளின் கடைசியில் நான் கனடாவுக்கு வந்தேன். 1995 ஐப்பசி 30 இரவு வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே நேரத்தில் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது உலகத்துக்குத் தெரிந்த கதை. அதில் அம்மாவும் நடந்தா. மாதங்களுக்குப் பிறகு வந்த கடிதத்தில் அந்த இரவைப் பற்றி இரண்டே வரி. மதகுக் கட்டில் சூட்கேசைச் சாய்த்துவிட்டு நின்றபோது அப்புவின் கணக்கு ஞாபகம் வந்தது, அந்தத் தெருவில் எண்ணுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை என்று எழுதியிருந்தா. கொம்பாஸ் பெட்டி வீட்டோடு போனது.

2016 இல் ஊருக்குப் போனேன். தங்கச்சியின் மகளுக்கு இருபத்திரண்டு வயது, ஸ்கூட்டியை விட்டு இறங்காத பிள்ளை. கந்தரோடைக்கு ஆட்டோவில் போய், திரும்பி நடந்து வருவது என்று அவளோடு ஒப்பந்தம் போட்டேன். தூபிகளைச் சுற்றிக் கம்பிவேலி, தொல்பொருள் திணைக்களத்துப் பலகை. பலகையில் ஊரின் பேர் கதுருகொட என்றிருந்தது. தெற்கில் இருந்து பஸ்சில் வந்த ஒரு குடும்பம் வெள்ளை உடுப்போடு தாமரைப்பூ வைத்துக் கும்பிட்டது. அவர்கள் பூ வைத்தது எனக்குப் பிழையாகப் படவில்லை. பேரை மாற்றினதுதான் பட்டது. வீட்டைப் பார்க்க வந்தவர் வாசலில் தன்னுடைய பேரைக் கொழுவிவிட்டுப் போனமாதிரி. எங்கள் ஆட்களிலும் பாதிப்பேர், அது எங்களுடையதே இல்லை என்று முகத்தைத் திருப்புகிறார்கள். அப்பு இருந்திருந்தால் இரண்டு பக்கத்துக்கும் உரத்து வாசித்திருப்பார்.

திரும்பி நடந்தோம். தோட்டங்களில் துலா இல்லை, இறைப்பு மிசின் சத்தமும் இல்லை. கறண்ட் மோட்டார் சத்தமில்லாமல் இறைக்கிறது. வேலிகள் மதிலாகிவிட்டன. எதிரே வந்த ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து, "எங்கை அம்மா போகோணும்? ஏறுங்கோ" என்றார். நடக்கிறோம் என்றேன். இரண்டு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

சுமைதாங்கியை நான் கடந்து போய்விட்டேன். அவள்தான் நின்றாள். நின்றது சுமைதாங்கிக்காக அல்ல; வேர்க்கிறது என்று. திரும்பிப் பார்த்தால் அவளுக்குப் பக்கத்தில் இடுப்பளவுக்கு ஒரு சுவர். தார்போட்டுத் தார்போட்டு வீதி உயர்ந்து வந்ததில் அது அரைவாசி தாண்டுவிட்டது. என்னுடைய உமல் இருந்த படி நிலத்துக்குள். பக்கவாட்டில் யாரோ ஒரு பாட்டியின் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், பாதி கிழிந்து. மேல் விளிம்பில் அந்தக் குழி மட்டும் அப்படியே இருந்தது.

அது என்னவென்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் கைப்பையைக் குழிக்குள் வைத்துவிட்டு, போனையும் அதன்மேல் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தலைமயிரை அள்ளிக் கொண்டை முடியத் தொடங்கியிருந்தாள்.

"பெரியம்மா, இன்னும் எவ்வளவு தூரம்?" என்றாள்.

"ஒரு சங்கடப்படலை" என்றேன்.